வண்டி எப்போது சூடாகிறது? என்ஜின் கொதிப்பையும் எச்சரிக்கை விளக்குகளையும் படிக்கும் முறை

காரின் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறியதும் பெரும்பாலானவர்கள் கேட்பது, "எந்தப் பாகம் போச்சு?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எப்போது ஏறியது? நெரிசலில் நின்றபோதா, மேட்டில் இழுத்தபோதா, வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிடத்திலா? இதற்குச் சரியான பதில் கையில் இருந்தால் சந்தேகப் பட்டியல் பத்துப் பாகங்களிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிடும். பதில் இல்லாமல் வேலையில் இறங்கினால், தெர்மோஸ்டாட்டை (குளிர்விக்கும் திரவத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்துவிடும் வால்வு) மாற்றி, வாட்டர் பம்பை மாற்றி, கடைசியில் ஃபேனின் ஃபியூஸ்தான் போயிருந்தது என்று கண்டுபிடிப்பீர்கள்.

ஓடும்போது முள் ஏறினால்

முள் நடுவைத் தாண்டி நகர்ந்ததுமே ஏசியை அணையுங்கள். அடுத்து ஹீட்டரை முழுச் சூட்டுக்கும் ப்ளோயரை முழு வேகத்துக்கும் திருப்புங்கள். உள்ளே உட்கார முடியாதுதான்; கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளிவிடும். இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது. முள் மேலே நிற்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அங்கே வந்து சேரவில்லை. ஒன்று கூலன்ட் தீர்ந்திருக்கும், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும், அல்லது பம்ப் தள்ளவில்லை. அதற்குமேல் ஓட்டக்கூடாது.

முள் சிவப்பைத் தொட்டாலோ சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு எரிந்தாலோ ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற கணக்கில்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைகிறது, ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீலான ஹெட் கேஸ்கெட் போகிறது. சில நூறில் முடிய வேண்டிய வேலை என்ஜினைப் பிரிக்கும் வேலையாக மாறுவது அந்த இரண்டு கிலோமீட்டரில்தான். நிறுத்தியபின் சாவியை மீண்டும் ஆன் நிலைக்குத் திருப்பினால் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் மட்டும் ஓடும், ஓடினால் ஓடட்டும். என்ஜின் நின்றபிறகும் சில நிமிடங்களுக்கு உள்சூடு கொஞ்சம் ஏறவே செய்யும். அதனால் பானெட்டைத் திறந்தாலும் ஃபேன் பக்கம் கையை நீட்டாதீர்கள். சாவியை எடுத்தபிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும் ஃபேன்கள் உண்டு.

சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். சென்சார் அளப்பது கூலன்டின் சூட்டை. கூலன்ட் வடிந்துபோய் சென்சார் வெறும் காற்றில் நின்றால் முள் தாழ்வாகக் காட்டும்; என்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடி

கொதித்த வண்டியின் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் சுட்டுக்கொள்வதுதான் புதியவர்களுக்கு நேரும் மிக மோசமான விபத்து. கூலிங் சிஸ்டம் வெறும் தண்ணீர்த் தொட்டி இல்லை, பிரஷர் குக்கர் மாதிரி. பெரும்பாலான மூடிகள் 0.9 முதல் 1.1 பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் இன்னும் சில டிகிரி கூடத் தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், 115 டிகிரியில் அமைதியாக இருந்த திரவம் அப்போதே கொதித்து ஆவியாகப் பீறிடும்.

குறைந்தது 45 நிமிடம் காத்திருங்கள். பிறகு கையில் துணி சுற்றி ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால், தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இஸ்ஸ் சத்தம் முழுக்க நின்றபிறகு மீதியைத் திறக்கலாம்.

சூடான என்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும், காலியான ரேடியேட்டரில் அவசரமாகக் குளிர்ந்த நீரை நிரப்புவதும் வேண்டாம். சூடான உலோகம் ஒரே இடத்தில் சட்டென்று சுருங்கினால் விரிசல் விடும். என்ஜின் ஆறியபின், வேறு வழி இல்லையென்றால் வெறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெக்கானிக் வரை போகலாம். அதன்பிறகு அதை வடித்துச் சரியான கூலன்ட் கலவை போட்டாக வேண்டும்.

விளக்குகளின் மொழி

நிறத்தை முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடாதே. பச்சையும் நீலமும் வெறும் தகவல். பல வண்டிகளில் அதே வெப்பமானிப் படம் நீலத்திலும் வரும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்து விரட்டாதே என்பதுதான் அதன் பொருள். அதைக் கண்டு பதறுபவர்கள் நிறைய.

சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். ஆயில், பேட்டரி, செக் என்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு நல்ல செய்தி இல்லை. ஒன்று பல்ப் போயிருக்கும், அல்லது யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருப்பார்கள். பழைய வண்டி வாங்கப் போகும்போது முதலில் செய்ய வேண்டிய சோதனை இது.

ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கைப் பலர் "ஆயில் குறைவு" என்று படிக்கிறார்கள். அது பெரும்பாலும் ஆயில் அழுத்தத்துக்கான விளக்கு. அது எரியும்போது பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் போகவில்லை. உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். நிறுத்திச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே சுமார் 1 லிட்டர் இருக்கும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வண்டி அளவுக்கு மீறிச் சூடானபின் ஐடிலில் மட்டும் ஆயில் விளக்கு மினுக்கினால், சூட்டில் ஆயில் நீர்த்துப்போய் அழுத்தம் இறங்கியிருக்கலாம். அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனித்தனி விளக்கைவிட எந்த இரண்டு சேர்ந்து வருகின்றன என்பது கூடுதலாகச் சொல்லும். பேட்டரி விளக்கும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாக ஏறினால் பெரும்பாலும் பானெட்டைத் திறக்கும் முன்பே விடை தெரிந்துவிடும்: டிரைவ் பெல்ட் அறுந்திருக்கிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட் சுற்றும் வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். 12.5-க்குக் கீழே போய், நேரம் ஆக ஆக இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. வாட்டர் பம்பை என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் சுற்றும் வண்டிகளில், இரண்டும் சேர்ந்து வந்தால் டிரைவ் பெல்ட் என்ற கணக்கு செல்லாது.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சில நாளில் ஸ்கேனரை மாட்டி கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கலாம். மினுக்கி மினுக்கி எரிந்தால் அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கும். வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் நிறுத்துங்கள்.

ஸ்கேனரில் முதலில் பார்க்க வேண்டியது

டிரைவர் பக்க டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட் இருக்கும். போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன அடாப்டரே நம் வேலைக்குப் போதும். கோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அழித்துவிடாதீர்கள். கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவு இருக்கும். கோளாறு பதிவான கணத்தில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எவ்வளவு என்பதை அது வைத்திருக்கும். "எப்போது?" என்ற கேள்விக்கு வண்டியே சொல்லும் பதில் அது. அழித்தால் அதுவும் போய்விடும்.

பி0217 என்றால் என்ஜின் அதிகச் சூடு. பி0128 இதற்கு நேரெதிர்: என்ஜின் போதிய சூட்டை எட்டவில்லை, பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. பி0117, பி0118 இரண்டும் கூலன்ட் சென்சாரின் மின்சுற்றுக் கோளாறுகள். பி0480 முதல் ஃபேனின் கட்டுப்பாட்டுச் சுற்று. பி0300 எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பி0301 என்றால் முதல் சிலிண்டர், மற்றவை இப்படியே வரிசையாக.

சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்கக் காலைதான் நல்ல நேரம். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28 டிகிரி, இன்னொன்று 60 டிகிரி என்றால் ஏதோ ஒரு சென்சாரை நம்ப முடியாது. மைனஸ் 40 என்று காட்டினால் கூலன்ட் கெடவில்லை, ஒயர் அறுந்திருக்கிறது அல்லது சாக்கெட் கழன்றிருக்கிறது.

டாஷ்போர்டு முள்ளை முழுக்க நம்பாமல் ஸ்கேனரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல புதிய வண்டிகளில் ஓட்டுபவர் கலங்கக்கூடாது என்று, ஏறக்குறைய 80 முதல் 105 டிகிரி வரை முள்ளை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

எப்போது சூடாகிறது, எதைச் சந்தேகிப்பது

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால், காற்று போதவில்லை. வேகத்தில் எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நின்றால் ஃபேன்தான் கதி. ஆகவே சந்தேகிக்க வேண்டியவை ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை இணைக்கும் சிறு சுவிட்ச்), ஒயர்.

இதற்கு எதிராக, நகருக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலை வேகத்திலோ மேட்டிலோ பாரத்தோடு போகும்போதோ ஏறினால் ஃபேனை விட்டுவிடுங்கள். என்ஜின் உண்டாக்கும் சூட்டைக் கூலன்ட் ஓட்டமோ ரேடியேட்டரோ சமாளிக்கவில்லை. உள்ளே உப்பு படிந்த ரேடியேட்டர், வெளியே மண்ணும் பூச்சியும் அடைத்த செதில்கள், தேய்ந்த பம்ப், அதிக ஆர்பிஎம்மில் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், இவற்றில் ஒன்று. சரியாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும் இதே அறிகுறியைத் தரும். ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பாருங்கள்.

குளிர்ந்த வண்டியை எடுத்த ஐந்து பத்து நிமிடத்திலேயே சிவப்புக்குப் போனால்: மூடியபடி நின்ற தெர்மோஸ்டாட், மிகக் குறைந்த கூலன்ட், அல்லது போன ஹெட் கேஸ்கெட்.

முள் ஏறி இறங்கி ஊசலாடினால் உள்ளே காற்று இருக்கிறது. கூலன்ட் மாற்றியபின் ஏர் லாக் எடுக்காமல் விட்டால் இது வரும். கண்ணிமைக்கும் நேரத்தில் அடியிலிருந்து உச்சிக்குத் தாவினால் அது மின்கோளாறு. லிட்டர் கணக்கில் திரவம் அவ்வளவு வேகமாகச் சூடேற முடியாது.

சோதிக்கும் வரிசை

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

1. ஆறிய என்ஜினில் கூலன்ட் அளவு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரேடியேட்டரில் தனி மூடி உள்ள வண்டிகளில் பக்கத்து பிளாஸ்டிக் டப்பா நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். மூடியின் ரப்பர் கெட்டால், ஆறும்போது டப்பாவிலிருந்து திரவத்தைத் திரும்ப இழுக்காது. ஆகவே ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். தனி மூடி இல்லாமல், டப்பாவுக்கே அழுத்த மூடி இருந்தால் டப்பாவின் குறியே போதும்.

2. மூடி. ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டியிருந்தால் மூடியின் வெற்றிட வால்வு அடைத்திருக்கிறது. மாற்றும்போது அதே அழுத்த எண் உள்ள மூடியே வேண்டும். அதிக எண் போட்டால் பலவீனமான ஹோஸ் முதலில் வெடிக்கும்.

3. ஃபேன். ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். அதன்பின் அதே பெட்டியில் அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயை, ஹார்னின் ரிலே ஒத்துவந்தால் அதை, மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஃபேனின் சாக்கெட்டைக் கழற்றி பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் நேரடி 12 வோல்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு சுவிட்ச், சென்சார் அல்லது ஒயரில். ஒயர் மாற்றிய ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறதா என்பதையும் ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டர் முன்னால் பிடித்துப் பாருங்கள். காகிதம் உள்ளே இழுக்கப்பட வேண்டும். மூன்றுக்கு மேல் ஒயர் உள்ள, வேகத்தை கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் ஃபேன்களில் நேரடி மின்சாரச் சோதனை செய்யாதீர்கள்.

மின்மோட்டார் இல்லாமல், எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் கிளட்ச் வழியாக என்ஜினே சுற்றும் ஃபேன் என்றால், சூடான என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுக் கையால் சுற்றிவிடுங்கள். எதிர்ப்பில்லாமல் பல சுற்று சுற்றினால் உள்ளிருந்த சிலிகான் எண்ணெய் போய்விட்டது.

4. தெர்மோஸ்டாட். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து மேல், கீழ் ஹோஸ்களை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், பெல்ட்டிலும் ஃபேனிலும் விரல் படாமல். சாதாரணமாக முதலில் ஒன்று சூடாகும். முள் நடுவுக்கு வந்தபின் மற்றதும் சூடேறும். முள் மேலே போய்க்கொண்டிருக்க, ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றினால் சந்தேகம் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். உடலில் பொறித்த எண்ணில், பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். குளிர்ந்தே ஓடும் என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

5. ரேடியேட்டர். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும் வண்டியில்கூட அந்த இடுக்கில் குப்பை மெத்தை போட்டிருக்கும். என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் செதில்கள் மடங்கி, அடைப்பு இன்னும் மோசமாகும். உள்ளடைப்பைக் கண்டுபிடிக்க, சூடான ரேடியேட்டர் முகத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஓட்டுங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

6. வாட்டர் பம்ப். அதன் உடலில் சிறு கசிவுத் துளை இருக்கும். அங்கே ஈரமோ காய்ந்த கூலன்ட் கறையோ இருந்தால் சீல் போயிற்று. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. ஒழுகாத பம்பும் கெட்டதாக இருக்கலாம். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இறக்கை தண்டில் வழுக்கினால் புல்லி அழகாகச் சுற்றும், கூலன்ட் நகராது.

ஹெட் கேஸ்கெட்: சொல்லும் முன் நிரூபியுங்கள்

மிகப் பெரிய செலவு இதுதான், மிக எளிதாகச் சொல்லப்படும் தீர்ப்பும் இதுதான். ஆயில் மூடிக்குள் பால்போல வெண்மை இருந்தது என்பது மட்டும் ஆதாரமாகாது. குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் ஆவியாகாமல் அங்கே படியும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்து, அளவும் கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உறுதியான அறிகுறி ஒன்று உண்டு. இரவு முழுக்க ஆறிய வண்டியை மூடி போட்டபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நிமிடத்தில், கூலன்ட் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததில்லை. சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கூலன்டுக்குள் நுழைகிறது. இதை நிரூபிக்க நீலத் திரவம் கொண்ட பிளாக் டெஸ்டர் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து மேலே உள்ள காற்றை அதன்வழி இழுத்தால், எரிந்த வாயு இருக்கும் பட்சத்தில் பெட்ரோல் என்ஜினில் நீலம் மஞ்சளாகும். திரவத்துக்குள் கூலன்ட் ஏறிவிட்டால் சோதனை வீண். அதனால் முன்னதாக அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாசனையோடு வரும் வெள்ளைப் புகையும் கணக்கில் சேரும்.

நிரப்புவதும் காற்றெடுப்பதும்

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை வெறும் சாயம், பொதுத் தரம் இல்லை. வண்டியின் கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள். ஒத்துவராத இரண்டு வகைகள் கலந்தால் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கலாம். செறிவான கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். கலந்தே வரும் கூலன்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக்கூடாது. செறிவு கூடினால் இன்னும் குளிரும் என்று நினைப்பது தவறு. கூலன்டில் உள்ள கிளைக்கால் தண்ணீரளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் ப்ளீட் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். குளிர்ந்த என்ஜினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, அளவு இறங்க இறங்க ஊற்றி, ஹோஸ்களை அவ்வப்போது பிசையுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அளவு சட்டென்று இறங்கும். மறுபடி நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஹீட்டரில் நல்ல சூடு வந்தால் காற்று போய்விட்டது. சிந்திய கூலன்டைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், சிறு அளவே உயிரைப் பறிக்கும்.

அடுத்த மூன்று நாள் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது அளவைக் குறித்து வையுங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்குவது மீதிக் காற்று வெளியேறியதால். மூன்றாம் நாளும் இறங்கி, தரையில் ஈரமும் இல்லையென்றால், பிரஷர் டெஸ்டரை மாட்டி மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை அடித்து 15 நிமிடம் விடுங்கள். டெஸ்டரின் முள் இறங்கினால் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். வெளியே எதுவும் கிடைக்காவிட்டால் முன்சீட்டுக் கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஹீட்டர் கோர் ஒழுகினால் ஈரம் அங்கேதான் இருக்கும்.